காவலாள் இல்லாத காவல்: தக்காணத்தில் மின்வேலியின் இரு வரலாறுகள்

2024 பிப்ரவரியில், தெலங்கானாவின் ஜெயசங்கர் பூபாலபள்ளி மாவட்டத்துக் காட்டில் தேடுதல் பணிக்குச் சென்ற கிரேஹவுண்ட்ஸ் காவலர் ஒருவர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேஹவுண்ட்ஸ், மாவோயிஸ்ட்டுகளை எதிர்கொள்வதற்கென்றே உருவாக்கப்பட்ட சிறப்புக் காவற்படை. காட்டில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று பயின்றவர்களைக் கொண்ட படை அது. அத்தகைய ஒருவரைக் கொன்றது கண்ணிவெடி அன்று. காட்டு விலங்குகளைப் பிடிப்பதற்காக விரிக்கப்பட்டிருந்த ஒரு கம்பி.

அந்தக் கம்பி வேட்டைக்காரர்கள் கட்டியது. ஆனால் அதே வகைக் கம்பி தெலங்கானாவின் மக்காச்சோள வயல்களையும் நிலக்கடலைக் கொல்லைகளையும் சுற்றிப் பயிர்க் காவலுக்காகவும் கட்டப்படுகிறது. அதில் காட்டுப்பன்றி சாகிறது. சில வேளைகளில் சிறுத்தையும் புலியும் சாகின்றன. கம்பி கட்டியவரே விடியற்காலையில் மறந்துபோய் அதை மிதித்து இறப்பதும், பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் போட வந்து இறப்பதும் உண்டு. மறுநாள் நாளேடுகளில் இவை அனைத்தும் ‘மின்வேலியில் சிக்கி’ என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன.

இந்த ஒற்றைச் சொல் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் காட்டுகிறது. ஒன்று, நொடிக்கு ஒரு முறை மிகக் குறுகிய மின்துடிப்பை அனுப்பி விலங்கை அச்சுறுத்தித் திருப்பும் வேலி. மற்றொன்று, பம்புசெட்டிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நேரடியாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட கம்பி. முன்னது தடுப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது. பின்னது தொட்டவரை விடாமல் பிடித்துக் கொல்வது. தோற்றத்தில் இரண்டும் கம்பிகளே. ஆனால் அவற்றின் வரலாறுகள் வேறு. தக்காணத்து வயல்களில் முன்னது அரிதாகவும் பின்னது எளிதாகவும் அமைந்ததற்கு விவசாயியின் அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அதற்கு மின்சாரம், வனச்சட்டம், கூலி ஆகிய மூன்றின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பரணும் பொறியும்

பயிரை விலங்கிடமிருந்து காத்தல் வேளாண்மையளவு பழமையான தொழில். தமிழில் அதற்கு இலக்கியச் சான்றுகள் ஏராளம். தினைப்புனம் காத்தல் குறிஞ்சித் திணையின் நிலையான காட்சி. பரண்மீது அமர்ந்து கிளி ஓட்டும் பெண்கள், கவண்கல் எறிந்து யானையை விரட்டும் கானவர், இரவெல்லாம் எரியும் தீ என்று அக்காட்சி விரியும். கிளி கடியும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் ஆகியவற்றைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விலங்கைக் கொல்லும் பொறியும் அக்காலத்தில் இருந்தது. ‘அடார்’ எனப்பட்ட கற்பொறியைச் சங்கப் பாடல்கள் அறிந்திருக்கின்றன. ஒரு பெரிய பலகைக்கல்லைச் சாய்த்து நிறுத்தி, அதன்கீழ் இரை வைத்து, விலங்கு நுழைந்ததும் கல் விழுமாறு அமைப்பது அது.

தெலுங்கு நிலத்திலும் இதே ஏற்பாடுதான். பரணுக்கு அங்கே ‘மஞ்செ’ என்று பெயர், கவணுக்கு ‘வடிசெல’. சோளம் பால் பிடிக்கும் பருவம் முதல் அறுவடை வரை மஞ்செயின்மேல் ஆள் இருக்க வேண்டும். பகலில் பறவைக்கும் இரவில் பன்றிக்கும் காவல். அக்காவலில் குடும்பத்துப் பெண்களும் சிறுவர்களும் கூலியாட்களும் முறை வைத்து ஈடுபட்டனர். அவர்களுடைய விழிப்புக்குத் தனியாகக் கணக்கு எழுதப்பட்டதில்லை. ஆனால் விளைச்சலின் ஒரு பகுதி அந்த விழிப்பால் விளைந்தது.

பழைய காவல்முறையின் இயல்பு ஒன்றை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். பரணில் இருப்பவர் வருவது பன்றியா, மாடா, மனிதரா என்று பார்த்தே கல்லெறிவார். அடார் கூடக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவுள்ள விலங்குக்காக வைக்கப்படுவது. பகுத்தறியும் ஒரு கண் காவலில் இருந்தது. மின்கம்பி வந்தபோது மறைந்தது அந்தக் கண்ணே.

வேட்டைக் காடும் குடியானவர் நிலமும்

ஐதராபாத் சமஸ்தானத்தில் விலங்குகள் யாருக்கு உரியவை என்னும் கேள்விக்கு அரசர் ஒரு விடை வைத்திருந்தார். நகரைச் சுற்றியும் தொலைவிலும் ‘ஷிகார்கா’ என்னும் வேட்டைக் காடுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. இன்று வனஸ்தலிபுரத்தில் நகரின் நடுவே நிற்கும் மகாவீர் ஹரின வனஸ்தலி ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டை நிலம். 1975-ல் வெளிமான்களுக்கான காப்பிடமானது. மேதக் பகுதியிலுள்ள போசாரம் காடும் அத்தகையதே. 1952-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் புலி வேட்டைக்குப் பெயர்பெற்றவர். அவர்தம் வேட்டை முகாம்களை அரசவைப் புகைப்படக் கலைஞர் ராஜா தீனதயாள் எடுத்த படங்களில் இன்றும் காணலாம்.

அப்படங்களில் இடம்பெறாத ஒருவர் உண்டு: வேட்டைக் காட்டின் ஓரத்தில் நிலம் வைத்திருந்த குடியானவர். அரசர் வேட்டையாடுவதற்காகப் பேணப்பட்ட மானும் பன்றியும் மேய்ந்தது அவருடைய வயலில்தான். வேட்டைக்காகப் பேணுதல், பிற்காலத்தில் காப்பதற்காகப் பேணுதல் என்று நோக்கம் மாறியது. ஆனால் காட்டு விலங்கின் உரிமை ஓரிடத்திலும் அது உண்ணும் உணவின் செலவு வேறிடத்திலும் இருக்கும் ஏற்பாடு மாறவில்லை.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்திய இயற்கைப் பாதுகாப்பின் திருப்புமுனை. அச்சட்டம் இல்லையேல் இன்று பேசுவதற்குப் பல விலங்குகள் எஞ்சியிருக்கமாட்டா. அதன் 11-ஆம் பிரிவு, நிலத்தில் நிற்கும் பயிருக்கு ஆபத்தான சில விலங்குகளைக் கொல்ல வன அலுவலர் எழுத்துமூலம் அனுமதி தர இடமளிக்கிறது. 62-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிராக அறிவிக்கலாம். 2015, 2016 ஆண்டுகளில் பீகாரில் நீலமானுக்கும் காட்டுப்பன்றிக்கும், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும் அத்தகைய அறிவிப்புகள் வந்தன. கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை வழங்கியது. ஆனால் பன்றி வருவது நள்ளிரவில். விண்ணப்பம் எழுதி, அலுவலர் பார்வையிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் வந்து சேர்வதற்குள் ஒரு கூட்டம் ஒரே இரவில் ஒரு காணி மக்காச்சோளத்தைச் சாய்த்துவிடும். சட்டத்தில் வழி இருந்தது. அந்த வழி நிலத்தின் வரப்பு வரை வந்து சேரவில்லை.

போரில் பிறந்த கம்பி

மின்கம்பியின் உலக வரலாற்றில் கொல்லும் கம்பியே மூத்தது. முள்கம்பிக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் 1874-ல் காப்புரிமை பெற்றார். முப்பது ஆண்டுகளுக்குள் அது போர்க்களத்துக்குச் சென்று மின்சாரமும் பெற்றது. 1904-ல் ஜப்பானியப் படை போர்ட் ஆர்தர் கோட்டையை முற்றுகையிட்டபோது ரஷ்யர்கள் மின்னேற்றிய கம்பிகளைப் பயன்படுத்தினர். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியம்–நெதர்லாந்து எல்லையில் ஜெர்மனி சுமார் 2,000 வோல்ட் பாயும் வேலியை எழுப்பியது. மின்சாரம் என்றால் என்னவென்றே அறியாத எல்லைப்புற மக்கள் பலர் அதைத் தொட்டு இறந்தனர். ‘சாவுக் கம்பி’ என்றே அவர்கள் அதை அழைத்தனர்.

கால்நடைகளைக் கட்டுப்படுத்த மின்சாரத்தைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1930-களில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் பரவின. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்த பில் கல்லகர், தம் காரில் உடம்பைத் தேய்க்கும் குதிரையை விரட்ட ஒரு மின்னேற்பாட்டைச் செய்ததிலிருந்து வேலிக் கருவி உருவாக்கத்துக்கு வந்தார் என்பது அத்துறையில் அனைவரும் சொல்லும் கதை. அமெரிக்காவில் கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்த வேலிகள் மனிதர்களையும் கால்நடைகளையும் கொன்றன. அச்சாவுகள் பற்றிய கவலையே 1939-ல் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் சோதனை நிறுவனத்தை மின்வேலி பற்றிய ஆய்வறிக்கை வெளியிடச் செய்தது. அதன் தொடர்ச்சியாக வேலிக் கருவிகளுக்குத் தர விதிகள் வந்தன.

மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்னும் கேள்வியைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் 1940-களிலும் 1950-களிலும் ஆராய்ந்தார். பிடித்த கம்பியைத் தன் விருப்பப்படி விட்டுவிட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று அவருடைய சோதனைகள் காட்டின. அதற்குமேல் சென்றால் தசைகள் இறுகிக் கை கம்பியை விடாது. வீடுகளில் இன்று பொருத்தப்படும் தரைக்கசிவுத் துண்டிப்பானை 1961-ல் உருவாக்கியவரும் அவரே. 1962-ல் நியூசிலாந்தின் டக் பிலிப்ஸ், மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலைச் சட்டென வெளியிடும் முறையில் வேலிக் கருவியை அமைத்தார். புல் பட்டாலும் எளிதில் சோர்ந்துபோகாமல் பல கிலோமீட்டர் வேலிக்குத் துடிப்பை அனுப்பும் திறன் அதனால் வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது ஒன்று. பாதுகாப்பான மின்வேலி தானாக வந்துவிடவில்லை. சாவுகள் நிகழ்ந்தன, அவற்றை யாரோ எண்ணினர், எண்ணிக்கை ஆய்வுக்குச் சென்றது, ஆய்வு தரவிதியாயிற்று, தரவிதிக்குட்பட்ட கருவி விவசாயி வாங்கத்தக்க விலையில் கடைக்கு வந்தது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விவசாயியின் கையில் மிஞ்சுவது பழைய சாவுக் கம்பிதான்.

இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாடு

வோல்ட் அளவை மட்டும் வைத்து ஆபத்தை அளக்கும் வழக்கம் பொதுப்புத்தியில் உண்டு. அது இங்குத் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். பாதுகாப்பான வேலியில் பாயும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். கொல்லும் கம்பியில் பாய்வது வெறும் 230 வோல்ட்.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதியும், அதையொட்டிய இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76-உம் எனர்ஜைசர் எனப்படும் மின்துடிப்புக் கருவிக்கு எல்லைகளை வகுக்கின்றன. ஒரு துடிப்பு நொடியின் மிகச் சிறு பகுதியளவே நீடிக்க வேண்டும். 500 ஓம் மின்தடையில் அது வெளியிடும் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. துடிப்புகளுக்கிடையே ஒரு நொடி இடைவெளி வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் உயிர் இருக்கிறது. தொட்டவர் துடிதுடித்துக் கையை எடுக்கவும், பன்றி அலறிப் பின்வாங்கவும் அது போதும்.

நேரடிக் கம்பியில் அந்த இடைவெளி இல்லை. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கும் ஒருவரின் உடலை ஏறக்குறைய 1,000 ஓம் மின்தடையாகக் கொண்டால், 230 வோல்ட் அவர்வழியே சுமார் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். டால்சீல் கண்ட எல்லையைப் போல அது பதினான்கு மடங்கு. கை விடாது, இதயம் தாளம் தவறும். அவ்வேளையில் பம்புசெட்டின் ஃபியூஸ் போகாதா என்ற கேள்வி எழலாம். போகாது. மோட்டார் இழுக்கும் பல ஆம்பியரைத் தாங்குமாறு போடப்பட்ட ஃபியூஸ் அது. ஒரு மனித உடல் இழுக்கும் கால் ஆம்பியர் அதன் கணக்கிலேயே வராது. ஒருவர் செத்துக்கொண்டிருப்பதை அந்த மின்னிணைப்பிலுள்ள எந்தக் கருவியும் அறியாது.

மின்சாரம் வயலுக்கு வந்த வழி

இந்த 230 வோல்ட் தக்காணத்து வயலுக்கு எப்படி வந்தது என்பது ஐதராபாத்தின் அரசியல் வரலாற்றோடு பின்னியது. 1920-ல் உசேன் சாகர் கரையில் அனல்மின் நிலையம் எழுந்தபோது மின்சாரம் நகரத்துக்கும் அரண்மனைக்கும் ஆலைக்கும் உரிய பொருள். 1959-ல் ஆந்திரப் பிரதேச மின்வாரியம் அமைந்தது. 1969-ல் ஊரக மின்மயமாக்கல் கழகம் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. அதன்பின் கம்பங்கள் ஊரைத் தாண்டி வயலுக்குள் நடந்தன. ஏரிப் பாசனம் தேயத் தேய ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. தெலங்கானா மேட்டுநிலத்தில் கால்வாய்நீர் எட்டாத விவசாயிக்கு மோட்டாரே ஆறு.

ஆகவே மின்கட்டணம் உயிர்ப்பிரச்சினையாயிற்று. கட்டண உயர்வை எதிர்த்து 2000 ஆகஸ்ட் 28 அன்று ஐதராபாத்தில் சட்டமன்றத்தை நோக்கிச் சென்ற பேரணிமீது பஷீர்பாகில் காவல்துறை சுட்டதில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். அந்த நினைவு அடுத்த தேர்தலைப் பாதித்தது. 2004 மே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்ற எ. சா. ராஜசேகர ரெட்டி முதலில் கையெழுத்திட்டது விவசாயிகளுக்கான இலவச மின்சாரக் கோப்பில். தனி மாநிலமான பிறகு தெலங்கானா 2018 ஜனவரி 1 முதல் சுமார் 23 லட்சம் பம்புசெட்டுகளுக்கு 24 மணி நேர இலவச மும்முனை மின்சாரம் வழங்கியது.

இந்தக் கொள்கைகள் விவசாயிகளுக்கு நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. இலவச மின்சாரமே கொல்லும் கம்பியை உண்டாக்கிற்று என்பதும் பிழையான வாதம். கட்டணம் வாங்கிய காலத்திலும் அக்கம்பி இருந்தது, கட்டணம் வாங்கும் மாநிலங்களிலும் இருக்கிறது. ஆயினும் கொல்லும் கம்பியின் பரவலுக்கு ஏதுவான மூன்று நிலைமைகளை மின்மயமாக்கல் ஏற்படுத்தித் தந்தது என்பதை மறுக்க இயலாது. முதலாவது, ஒவ்வொரு கொல்லையின் ஓரத்திலும் மின்முனை வந்துவிட்டது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஒரு முனையை இழுத்து, முழங்காலுக்குக் கீழே குச்சிகளில் கட்டிய கட்டுக்கம்பியில் மாட்டினால் வேலை முடிந்தது. இரண்டாவது, விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அளவி இல்லை. இரவில் என்ன ஓடுகிறது என்பதைக் காட்டும் எண் எதுவும் இல்லை. மூன்றாவது, மின்சாரம் வரும் நேரம் பல்லாண்டுகள் நிலையற்றதாய் இருந்தது. பகலில் சில மணி, இரவில் சில மணி எனப் பிரித்து வழங்கப்பட்ட காலத்தில், மின்சாரம் இல்லாதபோது கட்டிய கம்பி, மின்சாரம் வந்த நொடியில் உயிர்பெற்றது. அதே நொடியில் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் போடக் கிளம்பியிருப்பார். இருவரையும் ஒரே இருளில் ஒரே வரப்புக்கு அழைத்தது மின்வழங்கலின் நேர அட்டவணை.

இவற்றோடு கூலியையும் சேர்க்க வேண்டும். மஞ்செயில் அமர்ந்திருந்த இளைஞர் ஐதராபாத்துக்குக் கட்டட வேலைக்கோ வாகனம் ஓட்டவோ வந்துவிட்டார். சிறுவர்கள் பள்ளிக்குச் சென்றனர். அவர்கள் மீண்டும் பரணுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற இரவுக் காவல் வெற்றிடமாகவே இருந்தது. பெரிய ஊனுண்ணிகள் குறைந்த நிலப்பரப்பில், புதர் மண்டிய தரிசுகளில் பெருகிய காட்டுப்பன்றி அந்த வெற்றிடத்துக்குள் வந்தது. கம்பி அதன் பின்னால் வந்தது. கூலி கேட்காத, தூங்காத, கண்ணில்லாத காவலாள் அது.

தண்டனையும் மாற்றும்

நேரடி மின்கம்பி எல்லா வகையிலும் சட்டவிரோதம். மின்திருட்டுக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. விலங்கு இறந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மனிதர் இறந்தால் குற்றவியல் சட்டம். தண்டனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவை அனைத்தும் சாவு நிகழ்ந்தபின் விழிப்பவை. பன்றி இறந்தால் பெரும்பாலும் செய்தி வெளியே வருவதில்லை. யானையோ புலியோ மனிதரோ இறந்தால்தான் கம்பி கண்டுபிடிக்கப்படுகிறது.

தமிழ்நாடு இதைக் கசப்பான பாடமாகக் கற்றது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. அவற்றுடன் வந்த இரண்டு குட்டிகள் அருகிலேயே நின்றிருந்தன. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மின்வேலிகளின் பதிவுக்கும் ஒழுங்குமுறைக்கும் தனி விதிகளை வெளியிட்டது. காப்புக்காடுகளையொட்டிய பகுதிகளில் வேலி அமைக்க அனுமதி பெற வேண்டும். கருவி இந்தியத் தரவிதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். இரண்டு கம்பிகளையும் சட்டத்தின் மொழியிலேயே பிரித்துக்காட்டியது அவ்விதிகளின் முதன்மையான பயன்.

ஐதராபாத்தின் பங்களிப்பு வேறொரு திசையிலானது. ராஜேந்திரநகர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் முதுகெலும்புள்ள தீங்குயிர் மேலாண்மைக்கான அனைத்திந்திய ஆய்வுத் திட்டம் பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது. பறவைகள் பற்றிய ஆய்வாகத் தொடங்கிப் பின்னர் காட்டுப்பன்றியையும் எடுத்துக்கொண்டது. அது பரிந்துரைத்தவை பெரும்பாலும் எளியவை: மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு வரிசைகள், நிலக்கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பா, மணமூட்டிய கயிறு, பயிருக்குச் சற்றுத் தள்ளித் தரையையொட்டி முள்கம்பி, சிறு அகழி, சூரிய ஆற்றலில் இயங்கும் துடிப்பு வேலி. பன்றி கண்ணைவிட மூக்கை நம்பும் விலங்கு என்னும் அறிவின்மேல் கட்டப்பட்டவை இவற்றுள் பல. பன்றி இவற்றுக்குப் பழகிவிடும் என்பதால் ஒரே உத்தியை நம்பாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

சூரிய வேலியும் நட்டுவிட்டு மறந்துவிடத்தக்க பொருள் அன்று. கொடியும் புல்லும் கம்பியைத் தொட்டால் துடிப்பு மண்ணுக்குள் வடிந்துவிடும். ஆகவே வேலியடியைச் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சுற்று நிலத்தின் வழியே நிறைவடைவதால், கோடையில் வறண்ட செம்மண்ணில் அதிர்ச்சி வலுவிழக்கும். அங்கே மின்கம்பியையும் தரைக்கம்பியையும் மாறி மாறிக் கட்ட நேரிடும். யானைப் பகுதிகளில் சிக்கல் இன்னும் பெரிது. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை அறிந்துகொண்ட ஆண் யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கின்றன. மரத்தைச் சாய்த்து வேலிமேல் தள்ளுகின்றன.

இலங்கையின் பட்டறிவு இங்கு உதவும். அந்நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் யானை வேலி அரசால் அமைக்கப்பட்டது. அவற்றில் பல வனத்துறையின் நிர்வாக எல்லைக்கோட்டில் நடப்பட்டதால் வேலியின் இரு புறமும் யானைகள் இருந்தன. பிருத்விராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் மாற்று ஒன்றை முன்வைத்தனர்: காட்டைச் சுற்றி அன்று, ஊரையும் வயலையும் சுற்றி வேலி, அதை நிறுவுவதும் பராமரிப்பதும் அவ்வூராரே, நெல் வயலின் வேலி அறுவடைக்குப்பின் கழற்றப்படும். அவர் தலைமையில் 2020-ல் உருவான தேசியச் செயல்திட்டம் இம்முறையை அடிப்படையாகக் கொண்டது. வேலி நிற்பதும் விழுவதும் கம்பியின் தரத்தைவிட அதைக் கவனிக்கும் கைகளைப் பொறுத்தது என்பதே அதன் பொருள்.

யார் கணக்கில்?

மீண்டும் தெலங்கானாவின் கொல்லைக்கு வரலாம். குத்தகை நிலத்தில் கடன் வாங்கி மக்காச்சோளம் இட்ட ஒருவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. துடிப்பு வேலிக்கு முதலும் மின்கலமும் பராமரிப்பும் வேண்டும். நிலம் அவர் பெயரில் இல்லாததால் மானியம் பெறுவதும் கடினம். கட்டுக்கம்பிக்குச் செலவு ஏறத்தாழ எதுவுமில்லை. ஸ்டார்ட்டர் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டின் துணையும் இல்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வனவிலங்குச் சேதத்தைக் கூடுதல் காப்பாகச் சேர்க்க மாநிலங்களுக்கு இடமளித்தது. தெலங்கானாவோ 2020-ல் அத்திட்டத்திலிருந்தே விலகியது. இந்நிலையில் அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தால் அது குற்றமே. அவர் கட்டிய கம்பியில் இறந்த கூலிப்பெண்ணின் குடும்பத்துக்கு அவருடைய வறுமை விடையாகாது. ஆனால் முதல் வழியை எட்டாத தொலைவில் வைத்தது அவர் அல்லர்.

1930-களின் அமெரிக்கக் கொல்லைகளும் இதே கட்டத்தில்தான் இருந்தன. அங்கே கொல்லும் கம்பி குறைந்ததற்கு விவசாயிகள் திருந்தியதைவிட, கொல்லாத கருவி விலையிலும் நம்பகத்திலும் அவர்களுக்கு எட்டியதே காரணம். தக்காணத்தில் அரசு மின்சாரத்தை வயலின் வரப்பு வரை கொண்டுசென்றது. அதன் பின்னாலேயே சென்றிருக்க வேண்டிய மின்துடிப்புக் கருவியையும் தரைக்கசிவுத் துண்டிப்பானையும் கொண்டுசெல்லவில்லை. 23 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் தரும் ஆற்றல் ஓர் அரசுக்கு உண்டெனில், பன்றி வரும் ஊர்களில் அவ்விணைப்புகளோடு ஒரு துண்டிப்பானைச் சேர்ப்பதும், ஊர்ப் பொதுவேலி ஒன்றை அமைத்து அதன் அடியைச் செதுக்குவோருக்குக் கூலி தருவதும் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை ஆகமாட்டா.

பயிர்க் காவலுக்கு எப்போதும் ஒரு விலை இருந்தது. பரண் காலத்தில் அதைப் பெண்களும் சிறுவர்களும் தம் உறக்கத்தால் செலுத்தினர். இப்போது அவ்விலையைச் செலுத்துவோர் அந்த இரவில் அவ்வழியே நடக்க நேர்ந்தவர்கள்: மோட்டார் போட வந்த பக்கத்து நிலத்துக்காரர், விடியலில் புல்லறுக்கப் போன பெண், தாய்க்குப் பின்னால் வந்த குட்டி யானை, பணிக்காகக் காட்டுக்குள் சென்ற ஒரு காவலர்.